ஒரே மாடல், வேறு வேறு சப்ளையர்: போன் வாங்கும்போது எதைப் பார்ப்பது, எதை விடுவது?

போன பொங்கலுக்கு என் தம்பியும் அவன் மனைவியும் ஒரே கடையில், ஒரே மாடல் போன் இரண்டு வாங்கி வந்தார்கள். நிறம்கூட ஒன்றுதான், மாறிப்போகக் கூடாதென்று உறை மட்டும் வேறு. சாப்பிட்டு இலை எடுத்த கையோடு தம்பி மனைவி இரண்டு போனையும் என் முன்னால் வைத்தாள். இரண்டிலும் ஒரே வெள்ளைப் பக்கம், வெளிச்சம் முழுதாக ஏற்றியிருந்தாள். தம்பியின் போன் நீலம் போட்டு அலசிய வேட்டி மாதிரி இருந்தது. அவளுடையது, அதே வேட்டி நாலு வருஷம் பெட்டியில் கிடந்து பழுத்தது மாதிரி.

“மாமா, என்னதுல மட்டும் மட்டமான டிஸ்ப்ளே போட்டுட்டாங்களா? நாளைக்கே மாத்திடலாமா?”

போனின் சோதனை மெனுவைத் திறந்து பார்த்தோம். இரண்டிலும் பேனலின் பெயர் வேறு வேறாக இருந்தது. அவள் சந்தேகப்பட்டது சரிதான், ஒரே மாடலுக்கு இரண்டு கம்பெனிகள் திரை கொடுத்திருந்தன. அவள் போனின் செட்டிங்ஸில் நிற வெப்பத்தைக் கொஞ்சம் குளிர்ச்சிப் பக்கம் தள்ளினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அப்புறம் விளக்கை அணைத்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, வெறும் சாம்பல் நிறப் படம் ஒன்றை இரண்டிலும் திறந்தேன். தம்பியின் பளிச்சென்ற திரையில் ஓரமாக இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று மங்கலாகத் தெரிந்தது. அவளுடையது சுத்தமாக இருந்தது. அதற்குமேல் மாற்றுகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. தம்பிதான் எடுத்தான்.

புதுப் போன் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளில் இந்த வகை இப்போது அதிகமாகிவிட்டது. “இந்த மாடல்ல ரெண்டு விதமா வருதாமே, நல்லது எதுன்னு பார்த்து வாங்கணுமா?” இப்படிக் கேட்பவருக்கு மூன்று வழி இருக்கிறது. கண்டுகொள்ளாமல் வாங்கலாம். நல்ல வகையைத் தேடிப் பிடிக்கலாம். அந்த மாடலே வேண்டாமென்று வேறொன்றுக்குப் போகலாம். எந்த வழி சரி என்பது எந்தப் பாகம் மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைவிட முக்கியம், பணம் கட்டுவதற்கு முன்னால் அதை உங்களால் தெரிந்துகொள்ள முடியுமா என்பது.

கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் பெரிய சூட்சுமம் இல்லை. கோடிக்கணக்கில் விற்கிற போனுக்கு ஒரே ஆலையை நம்பியிருந்தால், அங்கே ஒரு கோளாறு வந்தால் மொத்தக் கடையும் படுத்துவிடும். 2022 பிப்ரவரியில் ஜப்பானில் கியோக்சியாவும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சேர்ந்து நடத்தும் ஃப்ளாஷ் மெமரி ஆலைகளில் மூலப்பொருளில் மாசு கலந்து பெரிய அளவில் சரக்கு கெட்டுப்போனது. இரண்டாவது ஆள் கையில் இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் சமாளிக்கலாம், விலை பேசும்போதும் பலம். ஆக, இரண்டு சப்ளையர் என்றாலே ஏமாற்று வேலை என்று கிளம்ப வேண்டியதில்லை. கல்யாணச் சமையலுக்கு இரண்டு கடையில் அரிசி எடுப்பது போலத்தான். சோறு ஒரே பதத்தில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

சிப்பிலிருந்து ஆரம்பிப்போம். சத்தம் அதிகம் எழுந்தது அங்கேதான்.

2015-இல் வந்த ஐபோன் 6எஸ்-இல் இருந்த ஏ9 சிப்பை இரண்டு பேர் செய்தார்கள். சாம்சங் தன் 14 நானோமீட்டர் முறையில், தைவானின் டிஎஸ்எம்சி தன் 16 நானோமீட்டர் முறையில். வடிவமைப்பு ஆப்பிளுடையது, அச்சு மட்டும் வேறு. எண் சின்னது என்பதால் சாம்சங் சிப்தான் சிக்கனமாக இருக்கும் என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். பேட்டரி தீரும்வரை ப்ராசசரை விடாமல் ஓட்டும் ஒரு சோதனையில் டிஎஸ்எம்சி சிப் உள்ள போன் 2 மணி நேரம் வரை கூடுதலாகத் தாக்குப்பிடித்ததாகப் படங்கள் பரவின. தன் போனில் யார் சிப் என்று பார்க்க ஒரு செயலியை இறக்குவதும், சாம்சங் என்று வந்தால் முகம் தொங்கிப்போவதுமாகச் சில வாரங்கள் ஓடின. நிஜப் பயன்பாட்டில் இரண்டுக்கும் 2 முதல் 3 சதவீத வித்தியாசம்தான் என்றது ஆப்பிள். அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை தனியே சோதித்தபோதும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பது என் எண்ணம். போனை நாள் முழுக்க நூறு சதவீத வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை. ப்ராசசர் பாதி நேரம் தூங்குகிறது, சார்ஜை அதிகம் தின்பது திரையும் சிக்னலும். பெட்டிக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லாத இந்த மாதிரி வித்தியாசத்துக்காக மெனக்கெடுவதில் அர்த்தமில்லை. முதல் வழியே போதும், கண்டுகொள்ளாமல் வாங்கலாம்.

அதற்காக, யார் செய்தால் என்ன என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. 2022-இன் போன்களுக்கான ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப்பைக் குவால்காம் சாம்சங் ஆலையில் செய்தது. சூடு, சூடு என்று ஒரே புகார். அந்த ஆண்டே மே மாதம் 8 பிளஸ் ஜென் 1 என்று டிஎஸ்எம்சியில் செய்து இறக்கியது. மின்செலவு 30 சதவீதம் வரை குறையும் என்று குவால்காமே சொன்னது. கிட்டத்தட்ட அதே சிப், ஆலை மாறியதும் ஆளே மாறிவிட்டது. இங்கே ஒரு வசதி, பெயரிலேயே ‘பிளஸ்’ இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு, விவரப் பட்டியலைப் பார்த்து வாங்க முடிந்தது. அந்த நேரத்தில் என்னிடம் கேட்ட எல்லோருக்கும் பிளஸ் உள்ள போன்தான் என்று அடித்துச் சொன்னேன்.

இந்தியாவில் போன் வாங்குகிறவர்களுக்கு இதைவிடப் பழகிய தலைவலி சாம்சங்கின் சொந்தச் சிப்பான எக்ஸினாஸ். ஒரே பெயருள்ள கேலக்ஸி, அமெரிக்காவில் ஸ்னாப்டிராகனோடும் இங்கேயும் ஐரோப்பாவிலும் எக்ஸினாஸோடும் பல ஆண்டுகள் வந்தது. 2020-இன் எஸ்20-இல் இது உச்சத்துக்குப் போனது. எக்ஸினாஸ் 990 சீக்கிரம் சூடேறி வேகம் குறைந்தது, பேட்டரியும் ஸ்னாப்டிராகன் 865 அளவுக்கு நிற்கவில்லை. கொரியாவிலேயே சாம்சங் எஸ்20-க்கு ஸ்னாப்டிராகன் கொடுத்தது தெரிந்ததும் மற்ற நாட்டுக்காரர்கள் கொதித்துப்போய் இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். சொந்த வீட்டில் பரிமாறாததை விருந்தாளிக்கு வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்தக் கதையில் வாங்குபவருக்குப் பயன்படும் பகுதி எஸ்20 எஃப்இ. 2020 அக்டோபரில் அது எக்ஸினாஸ் 990-ஓடு 4ஜி போனாக இங்கே விற்பனைக்கு வந்தது. ஆறே மாதத்துக்குள், 2021 மார்ச்சில், ஸ்னாப்டிராகன் 865-ஓடு 5ஜி போனாக மறுபடி வந்தது. பார்க்க இரண்டும் ஒன்று. அப்போது என் நண்பர் ஒருவர் தள்ளுபடியில் மயங்கி 4ஜி-யை எடுத்துவிட்டு, வெயில் காலத்தில் வண்டியில் மேப் போட்டு ஓட்டும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். நான்தான் அவரிடம் “ரெண்டும் ஒண்ணுதான், எடுங்க” என்று சொல்லித் தொலைத்திருந்தேன். எஸ்21 எஃப்இ-யிலும் இதேதான் நடந்தது. 2022 ஜனவரியில் எக்ஸினாஸ் 2100, 2023 ஜூலையில் ஸ்னாப்டிராகன் 888. பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண் வேறு, சிப்பின் பெயர் விவரப் பட்டியலிலேயே இருக்கும். இந்த மாதிரி இடத்தில் இரண்டாவது வழி, அதாவது தேடிப் பிடிப்பது, ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் நம் தப்பு.

எக்ஸினாஸ் என்றாலே ஓடு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2024-இல் இந்தியாவுக்கு வந்த எஸ்24-இலும் எஸ்24 பிளஸ்-இலும் எக்ஸினாஸ் 2400 இருந்தது, அல்ட்ராவுக்கு மட்டும் ஸ்னாப்டிராகன். ஆனால் 990-ஐப் போல இந்த முறை பள்ளம் பெரிதாக இல்லை. அன்றாட வேலையில் தெரியாத வித்தியாசத்துக்காக அதிக விலைக்குத் தாவ வேண்டாம் என்பதே அப்போது நான் சொன்னது. மணிக்கணக்கில் கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும் வேறு பதில். 2025-இன் எஸ்25-இல் சாம்சங் எல்லா நாட்டுக்கும் ஸ்னாப்டிராகனே கொடுத்தது. சப்ளையர் பெயரைப் பார்த்து ஒரு முறை உருவான அபிப்பிராயத்தை வருஷக்கணக்கில் தூக்கிச் சுமக்கக் கூடாது, அந்தந்த ஆண்டு சிப்பை அந்தந்த ஆண்டு சோதனைகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

மோடம், அதாவது டவரோடு பேசும் சிப், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் நம் ஊர்களில் அதிகம் உறைக்கக்கூடியது அதுதான். 2016-இல் ஐபோன் 7-க்கு ஆப்பிள் குவால்காம், இன்டெல் இருவரிடமும் மோடம் வாங்கியது. அமெரிக்காவில் வெரைசான், ஸ்பிரின்ட் வாடிக்கையாளருக்கு ஏ1660, அதில் குவால்காம். ஏடி&டி, டி-மொபைலுக்கு ஏ1778, அதில் இன்டெல். செல்லுலார் இன்சைட்ஸ் என்ற ஆய்வகம் 7 பிளஸ் போனை வைத்துச் சோதித்தது. சிக்னல் நன்றாக இருக்கும்போது இரண்டும் ஒன்றே. சிக்னல் மெலிய மெலிய இன்டெல் பின்தங்கியது. மொத்தத்தில் சுமார் 30 சதவீதம், மிக மெலிந்த இடத்தில் 75 சதவீதம் வரை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. குவால்காம் மோடத்தால் நொடிக்கு 600 மெகாபிட் வரை போக முடியும், இன்டெலால் 450. குவால்காமின் முழு வேகத்தை ஆப்பிள் பயன்படுத்தவில்லை, இரண்டு போனும் ஒன்றாகத் தெரியவேண்டும் என்பதே காரணமாக இருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. மேல்வேகத்தை இப்படிச் சமன் செய்துவிடலாம், மெலிந்த சிக்னலைப் பிடிக்கும் திறமையை முடியாது. டவர் பக்கத்திலேயே குடியிருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல், மொட்டை மாடிக்குப் போனால்தான் பேச்சு என்கிற நிலையில் இருப்பவர் சிப், கேமரா எல்லாவற்றுக்கும் முன்னால் மோடத்தைத்தான் பார்க்க வேண்டும். தன் ஊரில் அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரின் போனை வாங்கி, சிக்னல் விழாத அந்த அறையிலேயே ஒரு கால் போட்டுப் பார்ப்பது எந்த விமர்சனக் கட்டுரையையும்விட மேல்.

ஸ்டோரேஜ்தான் இருப்பதிலேயே மறைவான இடம். 2017-இல் ஹுவாவே பி10 வாங்கியவர்கள் வேகச் சோதனை போட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு நொடிக்கு 700 எம்பிக்கு மேல், சிலருக்கு 300 எம்பியைத் தொடவில்லை. ஒரே மாடலில் சிலதுக்கு யூஎஃப்எஸ் 2.1, சிலதுக்கு யூஎஃப்எஸ் 2.0, சிலதுக்குப் பழைய இஎம்எம்சி. மூன்றும் ஸ்டோரேஜ் சிப்பின் வகைகள், வேகம் அதே வரிசையில் இறங்கும். அந்தக் கம்பெனியின் போன் பிரிவுத் தலைவர் ரிச்சர்ட் யூ, ஃப்ளாஷ் மெமரி தட்டுப்பாடுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டார். முதலில் கொஞ்சம் முறுக்காக, அப்புறம் மன்னிப்போடு. இதை வெறும் சப்ளையர் மாற்றம் என்று நான் சேர்க்க மாட்டேன். பொன்னி என்று சொல்லி ரேஷன் அரிசி போட்ட கதை அது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வழக்கம் ஒன்று. விவரப் பட்டியலில் ‘128 ஜிபி’ என்று மட்டும் போட்டு வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால், இருப்பதில் மட்டமானதுதான் வரும் என்று எண்ணிக்கொண்டு விலையை எடைபோடுவேன். அந்த விலைக்கு அதுவும் பரவாயில்லை என்றால் வாங்கலாம், இல்லையென்றால் மூன்றாவது வழிதான், வேறு மாடல். வகையைச் சொல்கிறவர்களிடமும் கொள்ளளவைப் பார்க்க வேண்டும். கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபி வாங்கினால் யூஎஃப்எஸ் 3.1, 256 ஜிபி வாங்கினால் யூஎஃப்எஸ் 4.0.

கேமராவை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கேலக்ஸி எஸ்6, எஸ்7 இரண்டிலும் சிலதில் சோனி சென்சார், சிலதில் சாம்சங்கின் சொந்த ஐசோசெல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு நிறத்தில் சின்னச் சின்ன வித்தியாசம் தெரிந்தது, மற்றவர்கள் அது தெரியாமலேயே வருஷக்கணக்கில் படம் எடுத்தார்கள். விட்டுவிடலாம்.

பேட்டரி அப்படி விடுகிற விஷயமில்லை, ஆனால் சப்ளையர் பெயரை வைத்து அதில் எதையும் முடிவு செய்யவும் முடியாது. 2007 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? நோக்கியா பிஎல்-5சி பேட்டரி சூடாகி வீங்குகிறது என்று செய்தி வந்ததும், ஊரே பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் புரட்டி 26 எழுத்துகள் கொண்ட எண்ணைப் படித்துக்கொண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம், சட்டைப்பைக்கு ஒரு நோக்கியா. அந்த பேட்டரியைப் பல கம்பெனிகள் செய்தன. சிக்கல் ஒருவருடையதில்தான், ஜப்பானின் மட்சுஷிடா (இன்றைய பானாசோனிக்) 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையே செய்த 4 கோடியே 60 லட்சத்தில். சூடானதாகப் பதிவானவை உலகம் முழுக்க நூறு அளவில்தான். மட்சுஷிடா பெயர் கெட்ட கம்பெனியும் இல்லை. வாங்குகிற அன்றைக்கு உங்களுக்கு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் மட்சுஷிடாவைத்தான் எடுத்திருப்பீர்கள்.

2016-இன் நோட் 7 இதைவிடக் கொடுமை. முதல் சப்ளையரின் பேட்டரி தீப்பிடித்தது என்று 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்து, இரண்டாவது சப்ளையரின் பேட்டரியோடு மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் பிடித்தது. 2017 ஜனவரியில் சாம்சங் வெளியிட்ட விளக்கத்தில், ஒன்றில் மூலையில் எதிர்மின் தகடு மடங்கியிருந்தது, மற்றதில் பற்றவைத்த இடத்தில் பிசிறு இருந்தது என்று வந்தது. இரண்டும் வேறு வேறு பிழைகள். ‘அந்த சப்ளையர் வேண்டாம், இந்த சப்ளையர் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கியவரின் போனும் புகைந்திருக்கும். பேட்டரியில் நம்மால் செய்ய முடிந்தது, புது மாடலை முதல் நாளே போய் வாங்காமல் இரண்டு மூன்று மாதம் பொறுப்பது. அதற்குள் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

மறுபடி திரைக்கு வருகிறேன். இரண்டு சப்ளையர் சமாசாரம் அதிகமாகக் கண்ணில் படுவது இங்கேதான், முன்கூட்டியே தேர்ந்தெடுக்கவே முடியாததும் இதுதான். 2018-இல் 20,999 ரூபாய்க்கு வந்து பரபரப்பாக விற்ற போக்கோ எஃப்1-இல் சிலதுக்குத் தியன்மா பேனல், சிலதுக்கு இபிபிஜி பேனல். பெட்டியில் எங்கும் எழுதியிருக்காது. சாதாரணமாகப் பயன்படுத்துகிறவருக்கு அது தெரியவும் தேவையில்லை. ஆனால் அதில் ஆண்ட்ராய்டுக்குப் பதில் லினக்ஸ் ஏற்ற முயன்றவர்கள் பேனலைத் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டியிருந்தது, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. போனைப் பிரித்து மேயும் ஆர்வம் உள்ளவர் என்றால் மட்டும் இதையெல்லாம் விசாரித்து வாங்குங்கள்.

மற்றவர்களுக்குப் பேனலின் பெயரைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு போன்தான் முக்கியம். ஒரே ஆலையில் வந்த இரண்டு திரைகளுக்குள்ளேயே சில சமயம் இரண்டு ஆலைகளுக்கு இடையே இருப்பதைவிட அதிக வித்தியாசம் இருக்கும். ஷாவ்மி போன்களில் *#*#6484#*#* என்று அழுத்தினால் சோதனை மெனு வரும், சாம்சங்கில் *#0*#. திரை முழுக்க சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக விட்டுப் பாருங்கள். இருட்டில் குறைந்த வெளிச்சத்தில் சாம்பல் நிறம் கட்டாயம். ஆன்லைனில் பெரும்பாலும் 7 நாள் அவகாசம் இருக்கும், அதை முதல் இரண்டு நாளிலேயே பயன்படுத்துங்கள். ஆனால் வெறும் மஞ்சள், நீலச் சாயலுக்காக மாற்றப் போக வேண்டாம். அது செட்டிங்ஸில் தீர்கிற விஷயம். மாற்றி வருவதில் பட்டையோ புள்ளியோ இருந்தால் உள்ளதும் போச்சு.

சப்ளையர் உண்மையிலேயே தலைபோகிற விஷயமாக ஆவது பழைய போன் வாங்கும்போதும், உடைந்த திரையை மாற்றும்போதும்தான். சென்னை ரிச்சி தெருவில் ‘காம்போ’ (மேல் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்தது) என்று கேட்டால் ஒரே போனுக்கு மூன்று நான்கு விலை சொல்வார்கள். ஓஎல்இடி திரை இருந்த இடத்தில் மலிவான டிஎஃப்டி திரையைப் பொருத்தினால் கறுப்பு சாம்பலாகும், வெயிலில் ஒன்றும் தெரியாது, போனும் ஒரு நூல் தடித்திருக்கும். புது ஐபோனில் திரை சாம்சங்குடையதா எல்ஜியுடையதா என்று இரவெல்லாம் தேடியவர், அடுத்த வருஷம் அது உடைந்ததும் விலை குறைந்த காம்போவைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய ஐபோன் வாங்கினால், ஐஓஎஸ் 15.2-க்குப் பிறகு செட்டிங்ஸில் ‘அபௌட்’ பக்கத்தில் மாற்றிய பாகங்களின் விவரம் வரும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தம்பி நான்காவது நாள் போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கவுன்டரில் இருந்த பையன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க சார் பட்டை? நல்லாதானே இருக்கு” என்றானாம். விளக்கை அணைத்தால்தான் தெரியும் என்று இவன் சொல்ல, கடை விளக்கை அணைக்க முடியாது என்று அவன் சொல்ல, திரும்பி வந்துவிட்டான். இப்போதெல்லாம் இரவில் படம் பார்க்க வேண்டுமென்றால் மனைவியின் போனைத்தான் எடுக்கிறான்.